மாதம் ஒரு போத்தல் கடல்நீர்: குச்சவெளிக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள், குறித்த சில இடங்களில், உங்கள் வள்ளத்திலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் அள்ள வேண்டும். அதை மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, அந்த வடிதாளைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். இந்தப் பொறுப்பை உங்கள் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். திட்டம் வரட்டும், பணம் வரட்டும், கொழும்பிலிருந்து ஆட்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வடிதாளை வாசிக்கும் வேலை ஐந்து வருடம் கழித்தும் நடக்கலாம். தண்ணீர் எடுக்கும் வேலையை அப்படித் தள்ளிப்போட முடியாது. இந்த வருட வாடைக்கு முன் குச்சவெளிக் கடலில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்பதை அடுத்த வருடம் போய் எவராலும் அள்ள முடியாது.

நான் திருகோணமலை மாவட்டத்தில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் பிள்ளைகள் பலருக்கு நுணுக்குக்காட்டியில் கடல்நீர்த் துளியைக் காட்டியிருக்கிறேன். அந்தத் துளியில் பிள்ளைகள் கண்டு வியந்ததெல்லாம் அங்கே இருப்பதில் மிகச் சிறு பங்குதான் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. வைரசுகள் அதைப்போல் பத்து மடங்கு. இவற்றோடு தயற்றங்கள், கசையால் நீந்தும் ஒருகல உயிர்கள், இவற்றைத் தின்னும் சிறு ஓட்டுயிர்கள். சூடையும் நெத்தலியும் இவற்றைத் தின்றுதான் கொழுக்கின்றன. சூடையைத் தின்னப் பாரை வருகிறது, பாரையைத் தேடி நீங்கள் போகிறீர்கள். தண்ணீர் பச்சை ஏறியிருக்கிறது, வலையில் சளி பிடிக்கிறது, இரவில் துடுப்புப் பட்ட இடம் நீலமாக மினுங்குகிறது என்று நீங்கள் கரையில் கதைப்பதெல்லாம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைப் பற்றிய செய்திதான். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் மட்டும் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

அதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலமாக ஒரு நுண்ணங்கியை அறிய வேண்டுமென்றால் அதை ஆய்வுகூடத்துத் தட்டில் வளர்த்தாக வேண்டும். கடலிலுள்ளவற்றில் நூற்றில் ஒன்றுகூட அப்படித் தட்டில் வளர்வதில்லை. 1980களில் அமெரிக்க விஞ்ஞானி நோர்மன் பேஸும் அவருடன் வேலை செய்தவர்களும் வேறு வழி கண்டார்கள். வளர்க்காமலேயே, சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் நேரே மரபணுத் துண்டை எடுத்து வாசிப்பது அந்த வழி. 1990இல் அத்திலாந்திக்கின் சர்காசோக் கடல் நீரை ஸ்டீபன் ஜியோவனோனியின் குழு இப்படி வாசித்தபோது, அதுவரை எவரும் வளர்த்திராத ஒரு பற்றீரியாக் கூட்டம் வெளிப்பட்டது. எஸ்.ஏ.ஆர் 11 என்று அதற்குப் பெயரிட்டார்கள். உலகக் கடல்களின் மேல்நீரில் மிக அதிகமாக வாழும் உயிர்களில் அதுவும் ஒன்று என்பது பிறகு தெரிந்தது. அதை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்க 2002 ஆகிவிட்டது. உலகமெங்கும் நிறைந்திருந்த ஓர் உயிர், மனிதன் படகு விடத் தொடங்கிய நாள் முதல் அவனுடைய துடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நாம் அறிந்து நாற்பது வருடம்கூட ஆகவில்லை.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உங்கள் வீடுகளிலேயே இருப்பார்கள். பாத்தித் தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பாகி, பிறகு செங்கல் நிறம் கொள்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த நிறம் உயிர்களின் நிறம். துனாலியெல்லா என்ற நுண் அல்காவும், உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் வெயிலின் கொடுமையிலிருந்து தங்களைக் காக்கச் சேர்த்து வைக்கும் சாயம் அது. சிவந்த நீர் வெயிலை அதிகம் பிடித்து விரைவாக வற்றுவதால் உப்பும் விரைவாக விளைகிறது. ஆகவே உப்பு விளைவதில் இந்த உயிர்களுக்கும் பங்கு இருக்கிறது.

1980இல் வால்ஸ்பி என்ற ஆங்கிலேய அறிஞர் சினாய்ப் பாலைவனக் கரையோரத்து உப்புக் குட்டை ஒன்றின் நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அதில் தட்டையான, நான்கு மூலையும் நேராக வெட்டியதுபோன்ற சதுரக் கலங்கள் மிதந்தன. உயிருள்ளது சதுரமாக இருக்குமா என்று பலர் ஐயப்பட்டார்கள். எவராலும் அதை வளர்க்க முடியவில்லை. 1990களில் ஸ்பெயின் நாட்டு உப்பளங்களின் நீரிலிருந்து டி.என்.ஏயைப் பிரித்து வாசித்தவர்களுக்கு, முற்றிய பாத்திகளில் ஒரே ஒரு வகை ஆர்க்கியாவின் தொடரே திரும்பத் திரும்பக் கிடைத்தது. அந்தத் தொடருக்குரியது வால்ஸ்பி கண்ட சதுர உயிர்தான் என்பது 1999இல் உறுதியானது. 2004இல் அவுஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதை வளர்த்துக் காட்டின. இன்று அதன் பெயர் ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியை. கண் முதலில் கண்டது, டி.என்.ஏ அதன் அடையாளத்தைச் சொன்னது, வளர்ப்பு கடைசியில்தான் கைகூடியது. நம் பாத்திகளில் எந்த உயிர் ஆட்சி செய்கிறது, வாடை மழையில் பாத்தி நீர்த்துப்போன பிறகு அந்த இடத்தை எது பிடிக்கிறது என்பதையெல்லாம் இதே முறை சொல்லிவிடும்.

முறை எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லீற்றர் அளவு நீரை, மீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைவிடவும் சிறிய துளைகள் கொண்ட வடிதாளின் வழியே ஊசிக்குழாயால் அழுத்தி அனுப்புவார்கள். நீர் போய்விடும், நுண்ணுயிர்கள் தாளில் தங்கிவிடும். ஆய்வுகூடத்தில் அவற்றின் கலங்களை உடைத்து டி.என்.ஏயைப் பிரிப்பார்கள். அடுத்தது பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே பி.சி.ஆர்தான். அப்போது ஒரு வைரசை மட்டும் தேடினார்கள். இங்கே பற்றீரியா, ஆர்க்கியா எல்லாவற்றுக்கும் பொதுவான 16எஸ் என்ற மரபணுத் துண்டையும், தயற்றம் முதலான சிக்கலான கலமுடையவற்றுக்குப் பொதுவான 18எஸ் துண்டையும் கோடிக்கணக்கில் பெருக்குவார்கள். பெருக்கிய துண்டுகளை இயந்திரம் எழுத்தெழுத்தாக வாசிக்கும். வாசித்த தொடர்களை உலகப் பொதுத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டால் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். ஒரே போத்தலிலிருந்து ஆயிரக்கணக்கான வகைகள் வரக்கூடும்.

இதே முறையால் மீனைத் தேடும்போது நாம் அது உதிர்த்த செதிலின், சளியின் துணுக்கைத்தான் பிடிக்கிறோம். நுண்ணுயிர்களில் பெரும்பாலும் உயிர் முழுவதுமே வடிதாளில் வந்து அமர்கிறது. ஆகவே சூழல் டி.என்.ஏ என்ற இந்த முறை, மற்ற எவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே நன்றாகப் பொருந்துகிறது.

இதை உலகம் பெரிய அளவில் செய்திருக்கிறது. பிரான்சின் தாரா என்ற பாய்மரக் கப்பல் 2009 முதல் 2013 வரை 210 இடங்களில் நின்று ஏறத்தாழ 35,000 மாதிரிகள் சேர்த்தது. 2015இல் வந்த முதல் முடிவுகளில் மட்டும் 4 கோடி நுண்ணுயிர் மரபணுக்கள் பதிவாகின. பெரும்பாலானவை அதுவரை அறியாதவை. ஆனால் அந்தக் கப்பலின் இந்து சமுத்திரப் பாதை அரபிக் கடல், மாலைதீவு, மடகஸ்கார்ப் பக்கமாகப் போனது. வங்காள விரிகுடா அதன் வரைபடத்தில் வெறுமையாகவே நின்றது. பிறகு, 2021 மார்ச் 15ஆம் திகதி, கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவகத்தின் சிந்து சாதனா என்ற ஆய்வுக்கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 30 விஞ்ஞானிகள், 90 நாள், 10,000 கடல் மைல் என்ற திட்டத்தோடு இந்து சமுத்திர நுண்ணுயிர்களின் மரபணுக்களையும் புரதங்களையும் பதியப் போன பயணம் அது. நம் அயல்நாட்டார் செய்த அருமையான வேலை. ஆனாலும் பெரிய கப்பல் இரண்டு பாகத் தண்ணீருக்குள் வராது. சலப்பையாற்று வாயிலும் பெரியகரைச்சிக் களப்பிலும் வந்து போத்தல் அள்ளாது. அங்கே போகக்கூடியவை உங்கள் வள்ளங்கள்தான்.

விஞ்ஞானி அல்லாதவர்கள் இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். யுனெஸ்கோ 2022இலும் 2023இலும் உலக மரபுரிமைக் கடற்பகுதிகள் 21இல் சூழல் டி.என்.ஏ திரட்டியபோது ஊர்மக்களும் பாடசாலைப் பிள்ளைகளும்தான் நீர் அள்ளி வடித்தார்கள். 4,000க்கு மேற்பட்ட கடலுயிர் இனங்கள் அதில் வெளிப்பட்டன. கை சுத்தமும் பொறுமையும் இருந்தால் போதும்.

இனி இதில் உங்களுக்கு என்ன பயன் என்று சொல்ல வேண்டும்.

2019 செப்ரெம்பரில் நமக்கு அக்கரையில், பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள். நொக்டிலூக்கா என்ற ஒருகல உயிர் பெருகியதால் வந்தது அது. அந்த உயிர் தன் உடலுக்குள் பச்சை அல்காக்களைக் குடிவைத்துக்கொள்கிறது. மிதமிஞ்சிப் பெருகிச் சாகும்போது நீரின் ஒட்சிசன் குறைந்து மீன் மூச்சுத் திணறுகிறது. இப்படி ஒன்று பெருகத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தண்ணீரில் அதன் டி.என்.ஏ ஏறத் தொடங்கிவிடும். பல வருடத்து மாதப் பதிவு கையில் இருந்தால், எந்தக் காற்றில், எந்த நீரோட்டத்தில், எந்த மழைக்குப் பின் எது பெருகுகிறது என்ற ஒழுங்கைக் காணலாம். அந்தப் பதிவு ஒரு நாளில் வராது.

அடுத்தது புறாத்தீவு. 1998இல் கடல் சூடேறி, தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை போன்ற இடங்களின் முருகைப் பார்கள் வெளிறிப் பெருமளவில் செத்தபோது, திருகோணமலைப் பார்கள் பெரும்பாலும் தப்பின. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவை இன்று சுற்றுலாப் பயணிகள் தேடி வருவதற்கு அந்தத் தப்பிப்பும் ஒரு காரணம். முருகைக்கு நிறமும் உணவும் கொடுப்பது அதன் தசைக்குள் வாழும் நுண் அல்காதான். சூடு தாங்காமல் அதை முருகை வெளியேற்றிவிடுவதைத்தான் வெளிறுதல் என்கிறோம். அந்த அல்காக்கள் எல்லாம் ஒரே இனமென்று முன்பு நினைத்திருந்தார்கள். டி.என்.ஏயை வைத்துப் பார்த்து 2018இல் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் துருஸ்டினியம் என்ற பேரினத்தின் சில இனங்கள் மற்றவற்றைவிடச் சூடு தாங்குபவை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது முருகை வெளிறல் அறிவிக்கப்பட்டுவிட்டது. நம் பார்களில் எந்தப் பேரினம் குடியிருக்கிறது, சூடு கூடும் வருடங்களில் அது மாறுகிறதா என்பது புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் பிழைக்கும் வள்ளக்காரருக்கும் முக்கியமான கேள்விதான். பூங்காவுக்குள் மாதிரி எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. எல்லைக்கு வெளியே ஓடும் தண்ணீரிலேயே தொடங்கலாம்.

ஆழக் கடலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வங்காள விரிகுடாவில் சில நூறு மீற்றர் ஆழத்தில் ஒட்சிசன் மிகமிகக் குறைந்த ஒரு நீர்ப்படை இருக்கிறது. 2017இல் ஐரோப்பிய ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட முடிவின்படி, கடலின் நைதரசன் உரத்தை வாயுவாக்கி வெளியேற்றிவிடும் நுண்ணுயிர்கள் அந்தப் படையில் ஏற்கனவே இருக்கின்றன. எஞ்சியிருக்கும் சொட்டு ஒட்சிசன்தான் அவற்றின் வேலையைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்தச் சொட்டும் போய்விட்டால் அவை வேலையைத் தொடங்கும், விரிகுடா உரமிழக்கும். திருகோணமலைக்கு அருகில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே வருவதால், அந்த ஆழம் நமக்குத் தொலைவில் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை அமைதியாக இருக்கவிடாத விடயம் எண்ணெய். 2020 செப்ரெம்பர் 3ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால், 2,70,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியது. அந்த எண்ணெய் கடலில் கொட்டியிருந்தால் கிழக்குக் கரையின் கதை முடிந்திருக்கும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது மேற்குக் கரையினருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அந்த அழிவுக்காக 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி நம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜூலையில். நான்கு வருடத்துக்கும் மேல் ஆனது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. கப்பல்கள் கூடும். அது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு இந்த மடலில் நான் வரவில்லை. ஆனால் நாளை ஒரு கசிவு நடந்து நீங்கள் இழப்பீடு கேட்டுப் போனால், முதலில் கேட்கப்படும் கேள்வி: முன்பு இந்தக் கடல் எப்படி இருந்தது, சான்று என்ன? 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது, ஆழத்தில் பரவிய எண்ணெய்த் திரளுக்குள் எண்ணெய் தின்னும் பற்றீரியாக்கள் சில வாரங்களில் பெருகிவிட்டதை டி.என்.ஏ காட்டியது. தண்ணீரில் ஒரு கேடு கலந்தால் முதலில் மாறுவது இந்தக் கூட்டம்தான். மாற்றம் என்று காட்ட, மாறும் முன் இருந்த நிலையும் கையில் வேண்டும்.

2004 மார்கழி 26ஐ நினைத்துப் பாருங்கள். நீண்ட யுத்தத்தில் பாதிக் கடல் நமக்கு மூடப்பட்டிருந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலங்களில் யாராவது களப்பிலும் கரையிலும் மாதம் ஒரு வடிதாள் எடுத்து வைத்திருந்தால், ஆழிப்பேரலை இந்தக் கடலின் அடிவேரை எவ்வளவு அசைத்தது, அது மீண்டு வர எத்தனை வருடம் ஆனது என்று இன்று சொல்லியிருக்கலாம். களப்புச் சேற்றில் பழைய டி.என்.ஏயின் எச்சம் கொஞ்சம் தங்கியிருக்கும். ஜப்பானில் பழைய ஆழிப்பேரலைகள் கொண்டுவந்து போட்ட மணற்படைகளைக்கூடக் கடல் நுண்ணுயிர்களின் டி.என்.ஏயால் 2016இல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் சேற்றிலிருந்து கிடைப்பது கிழிந்த பக்கங்கள். ஒழுங்காக எழுதிய ஏடு வேறு.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலுக்குள்ளும் உயிர் இருக்கிறது. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள நீரில் புழுக்கள், சிறு ஓட்டுயிர்கள், ஒருகல உயிர்கள் என்று ஒரு கூட்டமே வாழ்கிறது. நோர்வேயில் சால்மன் மீன்பண்ணைக் கூடுகளுக்குக் கீழே கடலடி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அங்குள்ள சேற்றின் ஒருகல உயிர்களின் டி.என்.ஏயை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். இல்மனைட் மணல் எடுக்கும் கரையிலும் எடுக்காத கரையிலும் இரண்டு கைப்பிடி மணல் வீதம் எடுத்து வைத்தால், மணல் எடுப்பதைப் பற்றிய பேச்சு நடக்கும் மேசையில் நீங்கள் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை.

இந்த முறையின் குறைகளையும் நான் மறைக்கக் கூடாது. டி.என்.ஏ இருக்கிறது என்றால் அந்த உயிர் உயிரோடு இருக்கிறது என்று பொருளல்ல. கடல்நீரில் செத்ததின் டி.என்.ஏ சில நாள்வரை தங்கும், நீரோட்டத்தில் வேறிடமிருந்தும் வரும். எத்தனை எண்ணிக்கை என்று அது நேராகச் சொல்லாது. பி.சி.ஆரில் சில வகைகள் அதிகம் பெருகும், சில விடுபடும். நம் கடல்களின் பல உயிர்களுக்குத் தரவுத்தளத்தில் இன்னும் தொடரே இல்லாததால் பெயரில்லாத வரிகளும் பட்டியலில் நிறைய வரும். கையிலிருந்தோ போத்தலிலிருந்தோ வந்த அழுக்கு, கடலில் இல்லாத உயிரை இருப்பதாகக் காட்டிவிடும். இவையெல்லாம் உண்மை. இவற்றுக்கு மாற்றும் உண்டு. ஒவ்வொரு முறையும் சுத்தமான காய்ச்சி வடித்த நீரையும் அதே கையால், அதே இடத்தில், அதே முறையில் வடித்து வைக்க வேண்டும். அதில் வருவது கடலின் பட்டியலிலிருந்து கழிக்கப்படும். கூடவே ஒரு சிறு போத்தலில் கடல்நீரை எடுத்து அயடீன் கரைசல் சில துளி விட்டு வைத்தால், பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே தயற்றங்களை எண்ணலாம். டி.என்.ஏ பெயரைச் சொல்லும், கண் எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டும் வேண்டும். பெயரில்லாத வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், தரவுத்தளம் வளர வளரப் பழைய வரிகளுக்கும் பெயர் கிடைக்கும்.

யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இப்போது வருகிறேன். இந்த மடலை விஞ்ஞானிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதியது இதற்காகத்தான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் திருகோணமலையில் இருந்தார். கொழும்பில் பிறந்தவர், தம்பலகாமத்து முத்துச்சிப்பியையும் ஆராய்ந்தவர். திருகோணமலைக் கடலின் ஓடில்லாத கடல் நத்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நிறத்தோடு படம் வரைவித்து, 1858, 1859ஆம் ஆண்டுகளில் விவரித்து வெளியிட்டார். 1860இல் இறந்துவிட்டார். 1906இல் எலியட் என்ற ஆங்கிலேயர் அந்தப் படங்களை எடுத்து வைத்து, கெலார்ட் கண்டவை எந்தெந்த இனங்கள் என்று மறுபடி ஆராய்ந்து எழுதினார். வரைந்து வைத்தது வீண்போகவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் அதை வாசிக்க முடிந்தது. ஆனால் வாசிக்கப்பட்ட இடம் இங்கிலாந்து. படங்கள் இருந்த இடமும் நியூகாசிலில் ஓர் அருங்காட்சியகம். திருகோணமலையின் உயிர்களைப் பற்றி அறியத் திருகோணமலைப் பிள்ளை அங்கே போக வேண்டியிருந்தது.

இன்னொரு செய்தி, பணம் சம்பந்தப்பட்டது. பி.சி.ஆர் இயங்கத் தேவையான நொதியம் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவின் வெந்நீரூற்றில் 1966இல் தோமஸ் பிரொக் எடுத்த மாதிரியில் கிடைத்த தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்ற பற்றீரியா அது. பிரொக் அதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்தார். பின்னர் 1991இல் பி.சி.ஆர் உரிமை 30 கோடி டொலருக்கு ஒரு மருந்துக் கம்பனிக்குக் கைமாறியது. அந்த ஊற்றைக் காத்து வந்த பூங்காவுக்கு ஒரு சதமும் வரவில்லை. நம் கன்னியா வெந்நீரூற்றுகளின் சூடு யெலோஸ்டோனைவிட மிகக் குறைவு. அதே உயிர் அங்கே வாழாது. ஆனால் உப்புப் பாத்தியும் களப்புச் சேறும் கன்னியா நீரும் அவற்றுக்கே உரிய உயிர்களை வளர்க்கின்றன. அவற்றின் மரபணுத் தொடரை ஒருவர் கணினியில் ஏற்றிவிட்டால் பிறகு தண்ணீரே தேவையில்லை, தொடரை வைத்தே எந்த நாட்டிலும் பொருள் செய்யலாம். அப்படிச் செய்து இலாபம் காணும் கம்பனிகள் பங்கு செலுத்துவதற்காக 2025 பெப்ரவரியில் காலி (Cali) நிதியம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பங்கு கேட்கிறவர் தன் பெயர் பதிவில் இருப்பதைக் காட்ட வேண்டும்.

ஆகையால் என் யோசனை இதுதான். வடிதாள்கள் இரட்டையாக எடுக்கப்பட வேண்டும். ஒன்று நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திடம் ஒப்படைக்கப்படலாம், அல்லது நாரா என்ற அரச நீர்வள ஆய்வு நிறுவகத்திடம். மற்றது சங்கத்தின் பொறுப்பில், சங்கத்தின் ஏட்டில் இலக்கமிட்டு இருக்க வேண்டும். எவர் ஆய்வுக்குக் கேட்டாலும் எழுத்தில் உடன்படிக்கை செய்த பிறகே கொடுக்க வேண்டும். முடிவு வெளியாகும்போது எடுத்த இடமும் எடுத்த சங்கமும் அதில் குறிக்கப்பட வேண்டும். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் உங்கள் முன் வந்து சொல்லியாக வேண்டும். அரிய உயிர் இருக்கும் இடத்தின் துல்லியக் குறிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பதில் உங்கள் சொல் நிற்க வேண்டும். மரியாதையான எந்த ஆய்வாளரும் இவற்றுக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுப்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை கடினமல்ல. கரைக்கு அப்பால் ஓரிடம், களப்பு முகத்துவாரத்தில் ஓரிடம், பாருக்கு அருகில் ஓரிடம் போதும். உப்பளத்தார் சம்மதித்தால் ஒரு பாத்தியையும் சேர்க்கலாம். வெளுக்கும் தூள் கரைசலில் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்த போத்தல். கையில் புதிய கையுறை. எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம், வள்ளத்தின் அணியத்தில் நின்று, நீரோட்டத்தைப் பார்த்தபடி அள்ள வேண்டும். களப்பு நீர் கலங்கலாக இருந்தால் வடிதாள் சீக்கிரம் அடைத்துவிடும். கால் லீற்றரோடு நிறுத்தி, எவ்வளவு வடித்தீர்கள் என்று எழுதினால் போதும். அன்றே வடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மீனுக்குப் போடும் ஐசுக்குள் போத்தலை வையுங்கள், மீனோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள், மீனின் டி.என்.ஏ போத்தலில் ஏறிவிடும். வடிதாளை உறைகுளிரில் வைப்பது நல்லது. ஆனால் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் போன நாடு இது, பிறிட்ஜை மட்டும் நம்ப முடியாது. தூய எதனோலில் அமிழ்த்தி இறுக மூடிய சிறு குப்பிகள் மின்சாரமில்லாமலும் நிற்கும்.

ஏட்டில் எழுதுவதில்தான் உங்கள் அறிவு முழுவதும் வேண்டும். திகதி, நேரம், இடம் எவரும் எழுதலாம். சோளகமா, கச்சானா, கொண்டலா, நீர்வாடு எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம், முகத்துவாரம் உடைத்திருக்கிறதா, சொறி வந்திருக்கிறதா, வலையில் சளி உண்டா, கரைவலையில் அன்று என்ன பட்டது, இவற்றைக் கண்டு எழுத உங்களைவிடத் தகுதியானவர் யார்? ஆய்வுகூடத்து இயந்திரம் தரும் ஆயிரம் பெயருக்கும் பொருள் கொடுக்கப்போவது உங்கள் ஏட்டின் இந்த வரிகள்தான். அரபு மாதக் கணக்கும் தமிழ் மாதக் கணக்கும் உங்கள் ஊர்களில் புழங்குகின்றன. எதில் எழுதினாலும் பக்கத்தில் ஆங்கிலத் திகதியையும் குறியுங்கள்.

இந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஓர் இளைஞர், ஒரு பெண், ஒரு முதிய கடற்றொழிலாளர் என மூவர் சேர்ந்து செய்தால் ஒருவர் வெளிநாடு போனாலும் வேலை நிற்காது. திரியாயும் குச்சவெளியும் புல்மோட்டையும் ஒரே முறையில் செய்ய வேண்டும். தண்ணீர் ஊர் எல்லை பார்த்து ஓடுவதில்லை, ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் பயன். பாடசாலை உயர்தர உயிரியல் மாணவரைக் கட்டாயம் சேருங்கள்.

வாடைக்கு முந்திய நீரும் பிந்திய நீரும் கிடைக்க வேண்டுமானால், முதல் போத்தல் புரட்டாதி முடியும் முன் எடுக்கப்பட வேண்டும். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, எந்த மூன்று இடம், எந்த மூன்று பேர், ஏடு யாரிடம் என்று முடிவெடுங்கள். அழைத்தால் நான் வந்து உங்கள் வாடியிலேயே வடித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் உயிரியல் ஆசிரியர்